விசுவாசமா, நற்கிரியையா? இரட்சிப்பு பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

எங்கள் வீடு லுத்தரன், அண்ணி பிறந்த வீடு கத்தோலிக்கம், சித்தப்பா குடும்பம் பெந்தெகொஸ்தே. அதனால் இந்தச் சண்டையை நான் முதலில் கேட்டது கிறிஸ்துமஸ் சாப்பாட்டுப் பந்தியில்தான், புத்தகத்தில் படித்ததெல்லாம் அப்புறம். நான் போதகர் அல்ல. வருடக்கணக்காக வேதபாட வகுப்பிலும் வீட்டிலும் என்னிடம் வந்த கேள்விகளுக்கு, நான் படித்துப் புரிந்துகொண்ட வரை பதில் எழுதியிருக்கிறேன்.

முதலில் ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். விசுவாசம் போதுமா, நல்லது செய்யவும் வேண்டுமா?

ஒரே வரி என்றால் இதுதான்: இரட்சிப்பு விலைக்குக் கிடைப்பதல்ல, அதனால் நம் நற்கிரியை அதற்கு விலை ஆகாது, ஆனால் நற்கிரியையே இல்லாத ஒன்றைப் புதிய ஏற்பாடு விசுவாசம் என்று ஒத்துக்கொள்வதும் இல்லை. கீழே இருப்பதெல்லாம் இந்த வரிக்கு உரை.

பவுல் ஒன்று சொல்கிறார், யாக்கோபு நேர்மாறாகச் சொல்கிறார். வேதமே முரண்படுகிறதே?

முரண்படுவது போலத்தான் இருக்கிறது, அதை மழுப்ப வேண்டாம். ரோமர் 3:28-ல் நியாயப்பிரமாணத்தின் கிரியைகள் இல்லாமல் விசுவாசத்தினாலேயே மனுஷன் நீதிமானாக்கப்படுகிறான் என்று இருக்கிறது. யாக்கோபு 2:24-ல் விசுவாசத்தினாலே மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் நீதிமானாக்கப்படுகிறான் என்று இருக்கிறது. போதாக்குறைக்கு இருவருமே சாட்சிக்கு அழைப்பது ஒரே ஆளை, ஆபிரகாமை.

ஆனால் ஆபிரகாமின் வாழ்க்கையில் எந்த நாளை எடுக்கிறார்கள் என்று பாருங்கள். பவுல் எடுப்பது ஆதியாகமம் 15. ஆண்டவர் வானத்து நட்சத்திரங்களைக் காட்டி வாக்குக் கொடுக்கிறார், ஆபிரகாம் நம்புகிறான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்படுகிறது. அப்போது ஈசாக்கு பிறக்கவில்லை, விருத்தசேதனமும் (நுனித்தோலை நீக்கும் யூதச் சடங்கு) நடக்கவில்லை, அது 17-ஆம் அதிகாரத்தில்தான் வருகிறது, இந்த முன்பின் வரிசைதான் பவுலின் வாதத்துக்கே அச்சாணி. யாக்கோபு எடுப்பது 22-ஆம் அதிகாரம், மோரியா மலை, பலிபீடத்தின் மேல் ஈசாக்கு. இரண்டுக்கும் நடுவே எத்தனையோ வருடங்கள். ஆதியாகமம் 15:6-ஐ யாக்கோபு மறுக்கவில்லை, அதே வசனத்தை மேற்கோள் காட்டி, அது இந்த மலையில் நிறைவேறிற்று என்கிறார். ஆபிரகாம் எப்படித் தேவனுக்கு முன் நீதிமானாக ஏற்கப்பட்டான் என்று பவுல் கேட்கிறார். அப்படி ஏற்கப்பட்டவனின் விசுவாசம் பிற்பாடு எப்படி நடந்துகொண்டது என்று யாக்கோபு கேட்கிறார்.

எதிரே உட்கார்ந்திருப்பவர்களும் வேறு. பவுலுக்கு எதிரே இருப்பவர், புறஜாதியார் (யூதரல்லாதவர்) விருத்தசேதனம் செய்துகொள்ளாமல், சாப்பாட்டு விதிகளைக் கைக்கொள்ளாமல் எப்படி உள்ளே வரலாம் என்று கேட்பவர். யாக்கோபுக்கு எதிரே இருப்பவர், தேவன் ஒருவரே என்று அறிக்கை செய்துவிட்டு வேறொன்றும் செய்யாமல் இருப்பவர். அவரிடம் யாக்கோபு சொல்லும் பதில் கொஞ்சம் காரமானது: பிசாசுகளும்தான் விசுவாசிக்கின்றன, அதுவும் நடுங்கிக்கொண்டு.

இன்னொன்றையும் யாரும் சொல்வதில்லை. யாக்கோபின் பெயரிலுள்ள இந்த நிருபத்தை (கடிதத்தை) எழுதியவராகச் சபை மரபு காட்டும் யாக்கோபு, அப்போஸ்தலர் 15-ல் எருசலேமில் கூட்டத்தை முடித்துவைத்துப் பேசி, புறஜாதியார் மேல் பாரத்தை ஏற்ற வேண்டாம் என்று பவுலுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்ன அதே யாக்கோபு. கலாத்தியர் 2-ல் பவுலே சொல்கிறார்: யாக்கோபும் பேதுருவும் யோவானும் எனக்கு வலது கை கொடுத்தார்கள், ஒன்றே ஒன்று கேட்டார்கள், தரித்திரரை நினைத்துக்கொள்ளும்படி, அப்படிச் செய்ய நானும் கருத்துள்ளவனாயிருந்தேன். "கிருபை மட்டும்" பவுலும் "கிரியையும் வேண்டும்" யாக்கோபும் கைகுலுக்கியபோது அவர்கள் நடுவே பேச்சுக்கு வந்தது ஏழைகள்.

யாக்கோபு ஏன் அவ்வளவு கோபமாக எழுதுகிறார்?

இரண்டாம் அதிகாரத்தை 14-ஆம் வசனத்தில் ஆரம்பித்தால் இது தெரியாது. முதல் வசனத்திலிருந்து படியுங்கள். பொன்மோதிரமும் மினுக்குள்ள வஸ்திரமும் போட்ட ஒருவர் ஆலயத்துக்கு வருகிறார், அவருக்கு நல்ல இடம். கந்தையோடு ஒரு தரித்திரர் வருகிறார், அவருக்கு "நீ அங்கே நில், இல்லாவிட்டால் இங்கே என் பாதபடியண்டையிலே உட்காரு". இந்த இருக்கைப் பிரச்சினையில் தொடங்கித்தான் பேச்சு "கிரியையில்லாத விசுவாசம் செத்தது" என்ற இடத்துக்கு வந்து சேர்கிறது.

தமிழ்க் கிறிஸ்தவர்களாகிய நமக்கு இது கொஞ்சம் சுட வேண்டும். விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுதல் என்ற போதனையோடு 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார் ஜெர்மன் லுத்தரன் மிஷனரி சீகன்பால்க், 1715-க்குள் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி வந்துவிட்டது, பள்ளிகள் வந்தன, எல்லாம் பெருமைதான். ஆனால் அந்த மிஷன் ஆலயங்களிலேயே சாதி வாரியாகத் தனித்தனி இருக்கை இருந்தது. ஒரே கிருபையைப் பற்றிய பிரசங்கம், கேட்பவர்கள் மட்டும் இரண்டு பக்கமாக. 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபையில் சாதி உடனடியாக ஒழிய வேண்டும் என்று கடிதம் அனுப்பியபோது தஞ்சாவூர், திருச்சி, வேப்பேரிச் சபைகளில் பெரும் எதிர்ப்பு கிளம்பியது, கணிசமானவர்கள் விலகியே போனார்கள். இருக்கை வரிசைகள் மாறிவிட்ட இடங்களிலும் கல்லறைத் தோட்டத்தில் நடுச்சுவர் நிற்பதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். விசுவாசம் போதும், கிரியை பற்றிப் பேசாதீர்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் அந்தச் சுவர்தான் ஞாபகம் வருகிறது.

லூதர் யாக்கோபு நிருபத்தை வேதத்திலிருந்து தூக்கிவிட்டாராமே?

தூக்கவில்லை. புரொட்டஸ்டண்டுச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூதர், 1522-ல் வெளியிட்ட ஜெர்மன் புதிய ஏற்பாட்டின் முன்னுரையில், மற்றவற்றோடு ஒப்பிட்டால் இது ஒரு வைக்கோல் நிருபம் என்று எழுதினார், எபிரெயர், யாக்கோபு, யூதா, வெளிப்படுத்தல் நான்கையும் கடைசிக்குத் தள்ளினார். அந்த வைக்கோல் வரி பிந்தைய பதிப்புகளில் இல்லை. பவுலையும் யாக்கோபையும் ஒத்துப்போக வைப்பவருக்கு என் டாக்டர் தொப்பியைக் கொடுத்துவிடுகிறேன், என்னை முட்டாள் என்றும் சொல்லிக்கொள்ளலாம் என்று சாப்பாட்டு மேஜையில் சொன்னதாகவும் குறிப்பு உண்டு.

அவர் மேல் உள்ள இன்னொரு குற்றச்சாட்டு, ரோமர் 3:28-ல் மூலத்தில் இல்லாத "மட்டும்" என்ற சொல்லைச் சேர்த்தார் என்பது. சேர்த்தார்தான். கிரேக்கத்தில் அந்தச் சொல் இல்லை. ஜெர்மன் மொழி பேசும் விதத்துக்கு அது வேண்டும் என்று 1530-ல் ஒரு திறந்த கடிதமே எழுதி வாதாடினார். நம் பழைய மொழிபெயர்ப்பைப் பாருங்கள், "விசுவாசத்தினாலேயே" என்று இருக்கிறது. லூதர் ஒரு சொல் போட்டுச் செய்த வேலையை நாம் ஓர் ஏகாரத்தில் முடித்துவிட்டோம்!

ஆனால் அந்த "மட்டும்" என்பதை வைத்து லூதர் சோம்பேறிகளுக்கு உரிமம் கொடுத்தார் என்பது அநியாயம். ரோமர் நிருபத்துக்கு அவர் எழுதிய முன்னுரையில், விசுவாசம் என்பது உயிருள்ள, சுறுசுறுப்பான ஒன்று, நற்கிரியை செய்ய வேண்டுமா என்று அது கேட்டுக்கொண்டிருக்காது, கேட்கும் முன்னே செய்து முடித்திருக்கும் என்கிறார். 1738 மே 24 அன்று லண்டனில் ஒரு சிறு கூட்டத்தில் யாரோ இந்த முன்னுரையை வாசிக்கக் கேட்டுத்தான் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி தன் உள்ளம் விசித்திரமாக அனல் கொண்டதாக எழுதினார். அதற்கப்புறம் அவர் வாழ்நாள் முழுக்கக் குதிரையில் ஊர் ஊராகச் சுற்றியதும், சிறைகளுக்கும் ஏழைகளிடமும் போனதும் உலகத்துக்கே தெரியும்.

கத்தோலிக்கர்கள் நல்ல செயல் செய்தே மோட்சம் போகலாம் என்று நம்புகிறார்கள், அதுதானே வித்தியாசம்?

இல்லை. இதை நானும் இருபது வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன், அண்ணிதான் திருத்தினார். 1547 ஜனவரியில் கத்தோலிக்கச் சபையின் திரிதெந்தீன் பொதுச்சங்கம் இது பற்றிச் செய்த முடிவின் முதல் விதியே, கிறிஸ்துவின் வழியாக வரும் இறையருள் இல்லாமல் தன் சொந்தச் செயல்களால் ஒருவர் கடவுள் முன் நீதிமான் ஆகலாம் என்று சொல்பவரைத்தான் கண்டிக்கிறது. மனித முயற்சியே போதும் என்ற பெலாகியுசின் கருத்தைப் புனித அகுஸ்தீன் எதிர்த்ததும், 418-ல் கார்த்தேஜ் சங்கம் நிராகரித்ததும் இரு தரப்புக்கும் பொதுச் சொத்து.

அப்படியானால் சண்டை எதற்கு? நீதிமானாக்கப்படுதல் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதில். லூதர் பக்கத்தில் அது ஒரு தீர்ப்பு. குற்றவாளி நிற்கிறான், கிறிஸ்துவின் நீதியை அவன் கணக்கில் வைத்து நீதிபதி விடுதலை சொல்கிறார், அவன் உள்ளே சுத்தமாவது அதற்குப் பின்னே தொடரும் பரிசுத்தமாகுதல். கத்தோலிக்கப் பக்கத்தில் அறிவிப்பதும் ஆளை உள்ளே மாற்றுவதும் ஒரே நிகழ்வு, அருளோடு ஒத்துழைத்துச் செய்யும் நற்செயலால் அது வளரும், பெரும் பாவத்தால் அதை இழக்கவும் முடியும். ஆர்த்தடாக்ஸ் சபைகள் இந்த நீதிமன்றப் பேச்சிலேயே அதிகம் சிக்கவில்லை, அவர்களுக்கு இரட்சிப்பு என்பது மனிதன் தேவனுடைய ஜீவனில் பங்குபெற்று வளர்வது.

சரி, 1517-ல் என்ன நடந்தது என்பீர்கள். பாவத் தண்டனைக் குறைப்புச் சீட்டுகளைப் பணத்துக்கு விற்றார்கள், ரோமில் பேதுரு பேராலயக் கட்டுமானத்துக்கும் அந்தப் பணம் போனது, லூதர் 95 கருத்துரைகளோடு எழுந்தார். அது அசிங்கம்தான், அதைக் கத்தோலிக்கச் சபையே பின்னால் நிறுத்தியது, 1567-ல் பாப்பரசர் ஐந்தாம் பயஸ் பணத்தோடு பிணைந்த சலுகைகளை ரத்து செய்தார்.

பலருக்குத் தெரியாத செய்தி: 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் அவுக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கச் சபையும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் இதே விஷயத்தில் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம்முடைய எந்தத் தகுதியினாலும் அல்ல, அருளால் மட்டுமே, கிறிஸ்துவின் மேல் உள்ள விசுவாசத்தில் தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார், பரிசுத்த ஆவி நம்மைப் புதுப்பித்து நற்கிரியைகளுக்கு அழைக்கிறார் என்பது அதன் சாரம். 2006-ல் மெதடிஸ்டுகளும் 2017-ல் சீர்திருத்தச் சபைகளும் சேர்ந்துகொண்டார்கள். எல்லா வேறுபாடும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் "அவர்கள் கிரியையால் போகிறவர்கள்" என்று இன்னும் பிரசங்க பீடத்திலிருந்து சொல்வது சோம்பேறித்தனம்.

விசுவாசம், நம்பிக்கை இரண்டும் ஒன்றா? கத்தோலிக்க வேதத்தில் ஏன் வேறு மாதிரி இருக்கிறது?

நல்ல கேள்வி, பாதிக் குழப்பம் இதில்தான். 1 கொரிந்தியர் 13:13-ஐப் பழைய மொழிபெயர்ப்பில் பார்த்தால் "விசுவாசம், நம்பிக்கை, அன்பு". பொது மொழிபெயர்ப்பில் "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு". அதாவது நமக்கு நம்பிக்கை என்றால் வரப்போவதை எதிர்பார்ப்பது, அவர்களுக்கு அதுதான் விசுவாசம். ஒரே பந்தியில் இருவரும் நம்பிக்கை பற்றிப் பேசினால் என்ன ஆகும்?

இரண்டு சொல்லிலும் ஆபத்து இருக்கிறது. "நம்புகிறேன்" என்பது அன்றாடப் பேச்சில் மழை வரும் என்று நம்புகிறேன் என்ற அளவுக்கு இளைத்துப்போகும். "விசுவாசம்" என்பதை நாம் சபைக்குள்ளேயே பூட்டிவைத்துவிட்டோம், "விசுவாசி" என்றால் ஞாயிறு கூடுகைக்கு வருகிறவர் என்றாகிவிட்டது. ஆனால் அதே சொல்லை சபைக்கு வெளியே எப்படிப் பயன்படுத்துகிறோம்? விசுவாசமான வேலைக்காரர், விசுவாசமுள்ள நாய். அங்கே அதற்குப் பொருள் உண்மையாய் இருப்பது, கைவிடாமல் கூடவே நிற்பது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லான பிஸ்டிஸ் என்பதிலும் நம்புதல், உண்மையாயிருத்தல் இரண்டும் உண்டு. தெருவில் இருக்கும் அந்தப் பொருளைச் சபைக்குள் கொண்டுவந்தாலே பாதிச் சண்டை அடங்கும் என்பது என் எண்ணம்.

கிருபை இலவசம் என்றால் எப்படியும் வாழலாமே?

பவுலிடமே இதைக் கேட்டிருக்கிறார்கள் போல. ரோமர் 6-ன் தொடக்கத்தில் கேள்வியை அவரே போட்டு, கூடாதே என்று ஒரே அடியில் முடிக்கிறார். லுத்தரன் போதகரான டீட்ரிக் போன்ஹோஃபர் 1937-ல் இதற்கு "மலிவான கிருபை" என்று பெயர் வைத்தார்: மனந்திரும்புதல் இல்லாத மன்னிப்பு, சிலுவை இல்லாத கிருபை. ஹிட்லர் ஆட்சியோடு தன் நாட்டுச் சபைகளில் பெரும்பகுதி ஒத்துப்போவதைக் கண்முன்னே பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பர்க் முகாமில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

நம்மூர் மலிவான கிருபை வேறு மாதிரி. கடன் கேட்டு வந்தவரிடம் "உங்களுக்காக ஜெபிக்கிறேன் பிரதர்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுப்பது. யாக்கோபு 2:16-ல் "சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று அனுப்பிவைப்பவர் இவரேதான், இரண்டாயிரம் வருடம் முன்னால் வாட்சப் இல்லை, அவ்வளவே.

சிலுவையில் இருந்த கள்ளன் ஒரு நற்கிரியையும் செய்யவில்லையே?

அவனுக்கு இருந்தது சில மணி நேரம், கையும் காலும் கட்டுண்ட நிலை. அதிலும் என்ன செய்தான் என்று லூக்கா 23-ஐப் பாருங்கள். பக்கத்தில் இருந்தவனைக் கண்டித்தான், தன் குற்றத்தை ஒத்துக்கொண்டான், எல்லோரும் பரிகாசம் செய்துகொண்டிருந்த ஒருவருக்காகப் பரிந்து பேசினான். இதையெல்லாம் கூட்டித்தான் அவனுக்குப் பரதீசு கிடைத்தது என்று சொல்ல வரவில்லை, அப்படிச் சொன்னால் கதையையே கெடுத்துவிடுவேன். அவன் கேட்டான், கிடைத்தது. ஆனால் அவனை உதாரணம் காட்டிக் கடைசி நிமிடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்பவர் ஒன்றை மறக்கிறார்: அவன் எதையும் தள்ளிப்போடவில்லை, முதல் வாய்ப்பிலேயே திரும்பிவிட்டான்.

மத்தேயு 25-ல் ஆண்டவர் விசுவாசத்தைப் பற்றிக் கேட்கவே இல்லையே? சோறு போட்டாயா, துணி கொடுத்தாயா என்றுதானே கேட்கிறார்?

ஆமாம். இந்தப் பகுதியை எந்தத் தரப்பும் எளிதாக விழுங்க முடியாது, முடியக் கூடாது. நான் கவனிப்பது நீதிமான்களின் பதிலை. "ஆண்டவரே, உம்மை எப்பொழுது பசியுள்ளவராகக் கண்டோம்?" என்று திகைக்கிறார்கள். அவர்கள் கணக்கு எழுதி வைத்திருக்கவில்லை. இரட்சிப்புக்காகச் செய்திருந்தால் நோட்டுப் புத்தகத்தோடு வந்திருப்பார்கள்.

இது புண்ணியக் கணக்கு மாதிரிதானே?

இல்லை, ஆனால் நாம் அப்படி ஆக்கிக்கொள்கிறோம். பிள்ளைக்குச் சீட் கிடைத்தால் இவ்வளவு காணிக்கை என்று பொருத்தனை பண்ணுவதும், தசமபாகம் கொடுத்ததால் வியாதி வராது என்று நினைப்பதும் கிரியையால் இரட்சிப்பு என்பதன் சில்லறை வடிவம்தான், "விசுவாசம் மட்டுமே" என்று பலகை மாட்டிய சபைகளிலும் அது நன்றாகவே நடக்கிறது.

ஒரு சின்னப் பக்கப் பேச்சு. அருளா முயற்சியா என்ற வாதம் தமிழுக்குப் புதிதல்ல. தாயை இறுகப் பிடித்துக்கொள்ளும் குரங்குக் குட்டியா, தாய் கவ்விப் போகும் பூனைக் குட்டியா என்று வைணவத்தின் வடகலையும் தென்கலையும் பேசியது நமக்குத் தெரியும். இரண்டும் ஒரே விஷயம் அல்ல, ஆனால் அந்த உவமையைச் சொன்னால் பெலாகியுஸ் விவகாரம் தமிழ் வாசகருக்குச் சட்டென்று பிடிபடுகிறது.

என் பாட்டி கடைசி வரை இந்து, தெருவுக்கே சோறு போட்டவர். அவர் கதி?

இதைக் கேட்பவர்கள் வாதத்துக்காகக் கேட்பதில்லை. கிறிஸ்துவை அறிக்கையிடாமல் இரட்சிப்பு இல்லை என்று உறுதியாகச் சொல்லும் சபைகள் உண்டு, அவர்கள் அப்போஸ்தலர் 4:12-ஐக் காட்டுவார்கள். தன் குற்றமில்லாமல் நற்செய்தியை அறியாதவர் கடவுளை நேர்மையாகத் தேடி மனச்சாட்சியின்படி நடந்தால், அருளின் உதவியோடு மீட்புப் பெறலாம் என்று 1964-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்னது, அங்கேயும் மீட்பது கிறிஸ்துவே, சோறு அல்ல. அப்போஸ்தலர் 10-ல் கொர்நேலியு இருக்கிறார், ரோம நூற்றுக்கு அதிபதி, அவர் பேதுருவைப் பார்ப்பதற்கு முன்னமே அவருடைய தான தருமங்கள் தேவ சந்நிதியில் எட்டின என்று தூதன் சொல்கிறான், ஆனாலும் பேதுருவை அழைத்துவரச் சொல்கிறான். நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், அந்த நாற்காலி என்னுடையதல்ல. துக்க வீட்டில் நின்று தீர்ப்புச் சொல்லும் உறவினரைப் பார்த்தால் மட்டும் எனக்குக் கோபம் வரும்.

என் விசுவாசம் உண்மைதான் என்று காட்ட எவ்வளவு நற்கிரியை வேண்டும்?

அளவு கேட்டாலே மறுபடி விலைப் பட்டியலுக்கு வந்துவிட்டோம். துறவியாக இருந்த இளம் லூதர் இந்தப் பள்ளத்தில்தான் கிடந்தார், மணிக்கணக்காகப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு, எதையாவது விட்டுவிட்டேனோ என்று திரும்ப ஓடுவார். தன்னையே தோண்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் உறுதி கிடைக்காது, கிறிஸ்துவைப் பார் என்பது அவருடைய குருவாக இருந்த ஸ்டவ்பிட்ஸ் தந்த ஆலோசனை. பயந்த மனசுக்கு நானும் அதையே சொல்வேன். தெனாவட்டாக இருப்பவரிடம் யாக்கோபைக் கொடுப்பேன்.

ஒருமுறை கிடைத்த இரட்சிப்பை இழக்கலாமா? ஞானஸ்நானம் கிரியையா?

முதல் கேள்வியில் புரொட்டஸ்டண்டுகளே பிரிந்து கிடக்கிறார்கள். 1618-19-ல் நெதர்லாந்தின் டோர்ட் சங்கத்தில் கால்வின் வழியினர் இழக்க முடியாது என்றார்கள், வெஸ்லி வழியினர் முடியும் என்பார்கள். இரண்டாவதில், சீகன்பால்க் மரபில் ஞானஸ்நானம் நாம் தேவனுக்குச் செய்வது அல்ல, தேவன் நமக்குச் செய்வது, அதனால்தான் குழந்தைக்கும் கொடுக்கிறோம். சித்தப்பா இதை ஒத்துக்கொள்ள மாட்டார்.

எதை முதலில் படிக்கலாம்?

ஒரே அமர்வில் ரோமர் 3, 4 அதிகாரங்களையும் யாக்கோபு நிருபம் முழுவதையும் படியுங்கள், ஒரு மணி நேரம் ஆகாது. அப்புறம் கலாத்தியர். 5:6-ல் "அன்பினால் கிரியைசெய்கிற விசுவாசம்" என்று ஒரு சொற்றொடர் வரும், அதில் நில்லுங்கள், பவுல் எழுதியதுதான். கடைசியாக எபேசியர் 2:8, 9. கிருபையினாலே, விசுவாசத்தைக்கொண்டு, கிரியைகளினால் அல்ல. இந்த இரண்டு வசனமும் நம் வீட்டுச் சுவர்களிலும் புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைகளிலும் இருக்கும். அட்டையில் இடமில்லாமல் விட்டுப்போன பத்தாம் வசனத்தையும் சேர்த்துப் படியுங்கள்: "நற்கிரியைகளைச் செய்கிறதற்கு நாம் கிறிஸ்து இயேசுவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டு" என்று போகும் அது.